அமெரிக்காவில் பெட்ரோல் ரேஷன் வந்தது எண்ணெய் தீர்ந்ததாலா?

‘இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவிலேயே எண்ணெய் தீர்ந்துவிட்டது, அதனால்தான் பெட்ரோலுக்கு ரேஷன்’ என்று ஒரு பதிவு சுற்றுகிறது. பாதிகூட சரியில்லை.

கிழக்குக் கரையில் 1942 மே மாதம் வந்த ரேஷனுக்கு உண்மையிலேயே தட்டுப்பாடுதான் காரணம். அங்கே எண்ணெய் கொண்டுவந்த டேங்கர் கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடித்துக்கொண்டிருந்தன. ஆனால் டிசம்பர் 1 முதல் நாடு முழுக்க வந்த ரேஷனின் குறி வேறு: டயர்! எண்ணெய்க் கிணறுகள் நிறைந்த டெக்சாஸ்காரருக்கும் ரேஷன் என்றால் யோசிக்க வேண்டாமா?

மலாயாவையும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளையும் (இன்றைய இந்தோனேசியா) ஜப்பான் பிடித்ததும், அமெரிக்காவுக்கு வந்த இயற்கை ரப்பரில் சுமார் 90 சதவீதம் நின்றுபோனது. செயற்கை ரப்பர் ஆலைகள் அப்போது தயாராகவில்லை. நிதியாளர் பெர்னார்ட் பரூக் தலைமையில் அரசு அமைத்த குழு, வண்டி ஓட்டத்தைக் குறைத்தால்தான் டயர் மிஞ்சும் என்றது. அதற்கு எளிய வழி பெட்ரோலைக் கட்டுப்படுத்துவது. ‘ஏ’ ஸ்டிக்கர் ஒட்டிய சாதாரணக் காருக்கு வாரம் 4 கேலன் (சுமார் 15 லிட்டர்), அப்புறம் அதுவும் குறைந்தது. வேக வரம்பு மணிக்கு 35 மைல். ஒரு காருக்கு ஐந்து டயர்தான், மிச்சத்தை அரசிடம் கொடுத்துவிட வேண்டும்.