சிஸ்டரின் சம்பளம்

போன வாரம் கல்மண்டபம் மார்க்கெட்டில் எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்த சிஸ்டரைப் பார்த்தேன். அங்கி இல்லை, முக்காடு இல்லை. சாயம் போன நீலப் பருத்திச் சேலை. கால் கிலோ நெத்திலி வாங்கிவிட்டு, மீதிச் சில்லறையை இரண்டு தரம் எண்ணி பர்ஸுக்குள் போட்டார். கன்னியர் சபையை விட்டு வந்து நாலு வருஷம் ஆகிறதாம்.

"இப்ப சிஸ்டர்னு கூப்பிடாதம்மா" என்றார். வேறு எப்படிக் கூப்பிட எனக்கு வாய் வரும்?

எங்கள் வட சென்னையில் பெண்பிள்ளைகள் படித்த கதையைக் கன்னியர் மடங்களை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. 1842-இல் அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்த பிரசன்டேஷன் சிஸ்டர்கள் இன்றைய ஜார்ஜ் டவுனில்தான் வேலையைத் தொடங்கினார்கள். நானும் மடத்துப் பள்ளியில் படித்தவள்தான். அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன்.

என் சிஸ்டர் பதினெட்டு வருஷம் அரசு உதவிபெறும் பள்ளியில் வேலை பார்த்தவர். சம்பளம் அவர் பெயரில் வரும், சபைக்குப் போய்விடும். தனக்கென்று எதுவும் வைத்துக்கொள்வதில்லை என்று சிஸ்டர்கள் கொடுக்கும் வாக்கு, ஏழ்மை வார்த்தைப்பாடு என்றால் அதுதான். உழைத்து ஈட்டுவது சபையைச் சேரும் என்பது கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம். தெரிந்தே, மனதாரக் கொடுத்தார். அதில் எனக்கு வழக்கில்லை.

ஆனால் அதே சட்டத்தின் 702-வது பிரிவு, சபையை விட்டுப் போகிறவர் அங்கே செய்த எந்த வேலைக்கும் எதையும் உரிமையாகக் கேட்க முடியாது என்கிறது. அடுத்த வரியிலேயே, அவரிடம் சபை நியாயத்தோடும் அன்போடும் நடக்க வேண்டும் என்றும் சொல்கிறது. முதல் வரியை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். இரண்டாவது வரி, சபைத் தலைவியாக இருக்கும் அந்தந்த மதரின் மனசைப் பொறுத்தது என்று ஆகிவிட்டது. இவர் கைக்குக் கிடைத்தது இரண்டு மாத வாடகைக்குக்கூடக் காணவில்லை.

உதவிபெறும் பள்ளிகளில் வேலை செய்யும் சிஸ்டர்கள், ஃபாதர்களின் சம்பளத்தில் வருமான வரி பிடிக்கலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வரி பிடிக்க அது அவர்கள் சம்பளம். வெளியே வந்து நிற்கும்போது மட்டும் ஒரு ரூபாய்கூட அவர்களுடையது இல்லையா?

ஆயுளுக்கும் சபையில் இருப்பேன் என்று நித்திய வார்த்தைப்பாடு கொடுக்கிற அன்றைக்கே ஒவ்வொரு சிஸ்டர் பெயரிலும் ஒரு வைப்புத்தொகையைச் சபை தொடங்கட்டும். கடைசிவரை இருந்தால் அது சபைக்கே. விலகினால் அவருக்கு. இதைக் கேட்டால் 'விசுவாசக் குறைவு' என்று சொல்லாதீர்கள், ப்ளீஸ்.

சிஸ்டர் இப்போது தண்டையார்பேட்டையில் ஒற்றை அறையில் டியூஷன் எடுக்கிறார். திங்கட்கிழமையிலிருந்து என் மகளை அனுப்புகிறேன் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. சரி, ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டேன். பையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டே இருந்தார். கடைசிவரை தொகை சொல்லவில்லை.