பிராண்டைத் திட்டுவதற்கு முன்னால் விரிசலைப் பாருங்கள்

கோலாலம்பூர் புக்கிட் கியாராவில் மவுண்டன் பைக் ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் ஏதாவது ஒரு பிராண்டைச் சொல்லி "அது உடையும்" என்பார்கள். பக்கத்திலேயே இன்னொருவர் அதே பிராண்டைப் பல வருஷமாக ஓட்டிக்கொண்டிருப்பார். போன வாரம் எங்கள் வாட்ஸாப் குழுவில் ஓர் உடைந்த சைக்கிள் ஃபிரேம் படம் வந்தது. ராத்திரி வரை சண்டை ஓயவில்லை. நல்ல வேலையில் இருக்கிற, பேரப்பிள்ளை எடுக்கிற வயதை நெருங்குகிற மனுஷர்கள், குலதெய்வத்தை யாரோ பழித்துவிட்ட மாதிரி ஒருவர் மேல் ஒருவர் பாய்ந்தார்கள். படத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை.

கீழ்ச்சாய்வுக் குழாயான டவுன் டியூப், ஹேண்டில்பார் பக்கத்துக் குழாயான ஹெட் டியூபோடு சேருகிற இடத்தில், வெல்டுக்குக் கொஞ்சம் கீழே உடைந்திருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உடைந்த வாயின் ஒரு பாதி கறுத்து, மங்கி, வழவழப்பாக இருக்கிறது. மறுபாதி சொரசொரவென்று பளிச்சிடுகிறது. கறுத்த பாதி பழைய விரிசல். மண்ணும் மழைத்தண்ணீரும் உள்ளே போய்ப் படிகிற அளவுக்கு அது அங்கேயே கிடந்திருக்கிறது. பளிச்சென்ற பாதிதான் கடைசி நேரத்தில் கிழிந்தது. "திடீர்னு உடைஞ்சிருச்சுண்ணே, சின்ன ட்ராப்தான்" என்று எழுதியிருந்தார் படத்தைப் போட்ட தம்பி. ட்ராப் என்றால் மேட்டிலிருந்து கீழே குதிப்பது. அவர் பொய் சொல்லவில்லை. மேலே உட்கார்ந்து மிதிக்கிறவருக்கு அப்படித்தான் தெரியும். ஆனால் அந்த ஃபிரேம் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்துகொண்டுதான் வந்திருக்கிறது. நடுவில் ஒரு கிரீச் சத்தம் கேட்டிருக்கும். பெடல் சுழல்கிற பாட்டம் பிராக்கெட்தான் கத்துகிறது என்று கிரீஸ் போட்டிருப்பார்கள்.

இரும்புக்கும் அலுமினியத்துக்கும் இங்கேதான் வித்தியாசம். இரும்பில் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே அழுத்தம் இருந்தால், எத்தனை தடவை குலுக்கினாலும் அது களைப்படையாது. அலுமினியத்துக்கு அப்படி ஒரு பாதுகாப்பான எல்லை கிடையாது. சின்னக் குலுக்கல்கூடக் கணக்கில் ஏறும். அந்தக் கணக்கு முடிய ரொம்பக் காலம் ஆகட்டும் என்றுதான் குழாயைத் தேவையான இடத்தில் தடிமனாக்குகிறார்கள். வெல்டு போட்ட இடத்தை ஒட்டிய பகுதி சூட்டினால் பலம் குறையும், அதனால் வெல்டுக்குப் பிறகு 6061 என்ற அலுமினிய ரக ஃபிரேம்களை மறுபடி சூடேற்றிப் பதப்படுத்துகிறார்கள். அப்படியும் விரிசல் பெரும்பாலும் வெல்டுக்குப் பக்கத்தில்தான் கிளம்பும்.

சரி, பிராண்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது, ஆனால் நாம் சண்டை போடுகிற விதத்தில் இல்லை. தைவானில் 1972இல் தொடங்கிய ஜயன்ட் சைக்கிள் கம்பெனி தன் பெயரில் மட்டுமல்ல, மற்றவர்கள் பெயரிலும் ஏராளமாகச் செய்து கொடுத்திருக்கிறது. அதே வருஷம் தொடங்கிய மெரிடாவுக்கு 2001 முதல் அமெரிக்காவின் ஸ்பெஷலைஸ்ட் கம்பெனியில் பங்கு இருக்கிறது. அவர்களுக்குச் சைக்கிளும் செய்து தருகிறது. நம் ஊரில் நிறையப் பேர் ஓட்டுகிற பாலிகன், ஜாவாவின் சிடோஆர்ஜோவில் இருக்கிற தொழிற்சாலையில் உருவாகிறது. அங்கேயும் வெளிநாட்டு பிராண்டுகளுக்குச் செய்து கொடுக்கிறார்கள். ஒரே கூரைக்குக் கீழே செய்தாலும் டிசைன் வேறு, குழாய் வேறு, சோதனையும் வேறு. அதனால் பேச வேண்டியது மாடலையும் வருஷத்தையும் பற்றி. ஒரே மாடல், ஒரே வருஷம், ஒரே இடத்தில் நாலைந்து பேருக்கு விரிசல் விட்டால் அது டிசைன் கோளாறு. அப்போது நானும் சேர்ந்து திட்டுவேன். ஒரு படத்தை வைத்துக்கொண்டு ஒரு கம்பெனியையே கழுவிலேற்றுவது நியாயமில்லை. அதிகம் விற்கிற பிராண்டின் உடைந்த படம்தான் அதிகம் வரும், இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? உடையாத ஃபிரேமை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை.

அதைவிட முக்கியம், அந்த ஃபிரேம் எதற்காகச் செய்யப்பட்டது என்பது. பல ஃபிரேம்களில் சீட்டுக்குக் கீழே இருக்கிற குழாயான சீட் டியூபின் அடியிலோ கையேட்டிலோ 1 முதல் 5 வரை ஓர் எண் இருக்கும். 3 என்றால் கரடுமுரடான பாதைக்குச் சரி, ஆனால் குதிப்பது 61 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். 4 என்றால் 122 வரை. கிராஸ்கண்ட்ரி சைக்கிள்கள் பெரும்பாலும் 3தான். அதை வாங்கி, 100 மில்லிமீட்டர் அமுங்குகிற முன் ஃபோர்க்கைக் கழற்றிவிட்டு 140 மாட்டி, புத்ராஜெயா சேலஞ்ச் பார்க்கில் குதிக்கிறவர்களை நானே பார்க்கிறேன். ஃபோர்க் நீளமானால் நெம்புகோலும் நீளமாகிறது. அந்தக் கூடுதல் பாரம் பெரும்பாலும் ஹெட் டியூப் வெல்டு மேல்தான் விழும். ஐஎஸ்ஓ 4210 தரச் சோதனையில் மவுண்டன் பைக் ஃபிரேமை முன்னும் பின்னுமாக 50,000 தடவை தள்ளி இழுக்கிறார்கள். அந்தச் சோதனையில் தேறியதால் எதையும் தாங்கும் என்று அர்த்தமில்லை.

நம் ஆட்களிடம் இன்னொரு பழக்கம். ஆஃபரில் கிடைக்கிறது என்று ஒரு சைஸ் சின்னதாக வாங்குவது, அப்புறம் சீட்டைத் தாங்குகிற சீட்போஸ்டை வானத்துக்கு உயர்த்துவது. போஸ்டின் அடிமுனை, மேல்குழாயான டாப் டியூப் சேருகிற இடத்துக்குக் கீழேயாவது இறங்கியிருக்க வேண்டும். மேலேயே நின்றுவிட்டால் கனத்த ஆள் உட்கார்ந்து வேர்கள் மேல் மிதிக்கும்போது சீட் டியூப் கிழியும். கியாராவில் வேருக்கு என்ன குறை! இந்த விரிசலைப் பார்த்தால் எந்த வாரண்டிக்காரரும் முதலில் அளவெடுப்பது சீட்போஸ்டைத்தான்.

இரும்பு ஃபிரேம்காரர்கள் ரொம்ப மிதப்பில் இருக்க வேண்டாம். நம் மழையில் தண்ணீர் சீட்போஸ்ட் வழியாக உள்ளே இறங்கி அடியில் தேங்கும், வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்க உள்ளே துரு தின்றுகொண்டிருக்கும். மழையில் ஓட்டினால் போஸ்டைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். கார்பன் ஃபிரேமைப் பற்றி ஒன்றுதான்: கல்லில் அடி பட்ட இடத்தை நாணயத்தால் தட்டிப் பாருங்கள், சத்தம் மந்தமாக மாறினால் நிறுத்திவிட்டுத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். அதைச் சரி செய்ய முடியும், நாம் நினைக்கிற மாதிரி எல்லாம் குப்பைக்குப் போக வேண்டியதில்லை.

குப்பைக்குப் போக வேண்டியது உடைந்த பிறகு வெல்டு வைத்து ஒட்டிய அலுமினிய ஃபிரேம். "கேட்டுக்கு வெல்டு போடுற அங்கிள்கிட்ட கொடுத்தா கொஞ்சம் காசுல முடிச்சிடுவாரு" என்று குழுவில் ஒருவர் ஆலோசனை சொன்னார், அதற்கு எட்டுப் பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். அங்கிளின் கைவேலையில் குறை சொல்லவில்லை. ஆனால் 500 டிகிரிக்கு மேல் முழு ஃபிரேமையும் சூடேற்றி, தண்ணீரில் குளிர்வித்து, மறுபடி மிதமான சூட்டில் மணிக்கணக்கில் வைக்கிற உலை அவரிடம் இருக்கிறதா? அது இல்லாமல் போட்ட வெல்டைச் சுற்றி உலோகம் பலமிழந்துவிடும். அடுத்த முறை உடைவது இறக்கத்தில், வேகத்தில் இருக்கும்போது ஹெட் டியூபாக இருந்தால் முகம்தான் முதலில் தரையைத் தொடும்.

இப்படி ஒட்டிய ஃபிரேம்கள் எங்கே போகின்றன தெரியுமா? புதுப் பெயிண்ட் அடித்து, வெல்டு மேல் ஒரு ஸ்டிக்கரும் ஒட்டி, செகண்ட் ஹேண்டு விளம்பரத்தில் "கண்டிஷன் டிப்டாப்" என்று வரும். பல பெரிய பிராண்டுகளின் ஆயுள்கால வாரண்டி முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான், அதனால் உங்கள் கைக்கு வந்த பிறகு கேட்க நாதியில்லை. பார்க்கப் போகும்போது ஒரு டார்ச்சும் ஒரு ஆலன் கீயும் எடுத்துப் போங்கள். ஸ்டிக்கரைத் தடவிப் பாருங்கள், சீட்போஸ்டைக் கழற்றி உள்ளே வெளிச்சம் அடித்துப் பாருங்கள். விற்கிறவர் "அதெல்லாம் எதுக்கு பாஸ்" என்று இழுத்தால், பக்கத்து மாமாக் சாப்பாட்டுக் கடையில் ஒரு தே தாரிக் டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.