வயதான நாயின் கால்வலிக்கு நம் மாத்திரையைக் கொடுக்காதீர்கள்

"லேப்ரடார் போன்ற பெரிய நாய்க்கு வயதாகிப் பின்னங்கால் தடுமாறினால், நாம் போடும் டைக்ளோஃபெனாக்கில் பாதி மாத்திரை போதும்" என்று புதுச்சேரி, கடலூர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு, உயிருக்கே ஆபத்து.

நாம் வலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் இரண்டுமே நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? வாந்தியோ, தார் போலக் கறுத்த மலமோ வரும்வரை காத்திருக்காமல் மாத்திரை அட்டையோடு உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள். நாய்க்கென்று கார்ப்ரோஃபென் போன்ற வலி மருந்துகள் உண்டு. அதையும் எடை பார்த்து மருத்துவர்தான் எழுதித் தர வேண்டும். குருமாம்பேட் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனையிலோ கேட்டுச் சரிபார்க்கலாம்.

தடுமாற்றமெல்லாம் மூட்டுத் தேய்மானம் அல்ல. பாதம் மடங்கி நகம் தரையில் உரசினால் நரம்புக் கோளாறாக இருக்கலாம். ஒரே காலில் கெட்டியான வீக்கம் என்றால் எலும்புப் புற்றுநோயா என்று எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும்.

வீட்டில் டைல்ஸ்தான் பெரிய எதிரி. படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம்வரை ரப்பர் பாய் விரியுங்கள். நகத்தையும் பாதத்து முடியையும் வெட்டிவிடுங்கள். எழ முடியாதபோது தொடைக்கு முன்னால், அடிவயிற்றுக்குக் கீழே துண்டைக் கொடுத்துத் தூக்குங்கள். தடவினால் விலா எலும்பு தட்டுப்படவில்லையா, எடை கூடிவிட்டது, சோற்றைக் குறையுங்கள்.

அந்தத் தகவலை யாருக்கும் அனுப்ப வேண்டாம்.