மெஷ்ஷைப் பொடியாக்கினால் மட்டும் ஸ்ட்ரெஸ் சரியாகிவிடாது

ஒரு பாகம் சுமையைத் தாங்குமா என்று கணினியில் பார்க்கும் ஃபைனைட் எலிமென்ட் கணக்கில், பாகத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக (எலிமென்ட்) பிரிக்கும் வலைதான் மெஷ்; சுமையால் பாகத்துக்குள் எழும் அழுத்தம்தான் ஸ்ட்ரெஸ். ஓசூர் சிப்காட்டில் டிசைன் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு ஒருவர், "மெஷ் சைஸைக் குறைத்துக்கொண்டே போங்கள், ஸ்ட்ரெஸ் சரியான மதிப்புக்குத் தானாக வந்துவிடும்" என்று சொல்லியிருக்கிறார். எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது.

எல் வடிவ பிராக்கெட்டின் உள்மூலையை ரேடியஸ் இல்லாமல் கூராக வரைந்திருந்தால், லீனியர் எலாஸ்டிக் கணக்கில் (சுமைக்கு நேர்விகிதமாக வளைந்து, சுமையை எடுத்ததும் பழையபடி ஆகிவிடும் என்று வைத்துக்கொள்ளும் கணக்கு) அங்கே ஸ்ட்ரெஸுக்கு வரம்பே கிடையாது. 4 மி.மீ., 2 மி.மீ., 1 மி.மீ. என்று எலிமென்ட்டைச் சிறிதாக்கச் சிறிதாக்க எண் ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஸ்ட்ரெஸ் அதிகம் என்று திரையில் தெரியும் அந்தச் சிவப்புப் புள்ளிக்குப் பயந்து தகட்டுத் தடிமனைக் கூட்டுவது வீண் செலவு. டிராயிங்கில் உள்ள ஃபில்லட்டை (மூலையின் வளைவை) மாடலிலும் போடுங்கள். அந்த வளைவுக்கு மட்டும் லோக்கல் சைஸிங் கொடுங்கள், அதாவது அங்கே மட்டும் எலிமென்ட்டைச் சிறிதாக்குங்கள். அப்புறம் இரண்டு மூன்று அளவில் ஓட்டி, மதிப்பு நிலைக்கிறதா என்று பாருங்கள். சுமை அதிகம் வராத பகுதிகளுக்குப் பெரிய எலிமென்ட்டே போதும். கணினிக்கும் பாரம் குறையும்.

எலிமென்ட்டின் வகையைப் பற்றி அவர் பேசவே இல்லை, அதுதான் எனக்குப் பெரிய குறை. 4 நோடு டெட்ரா (நான்கு மூலைகளில் மட்டும் கணக்குப் புள்ளி உள்ள நான்முக எலிமென்ட்), வளையும் பாகத்தை உள்ளதைவிட விறைப்பாகக் காட்டும். விளிம்புகளின் நடுவிலும் புள்ளி உள்ள 10 நோடு டெட்ராவுக்கு மாற்றி டிஃப்ளெக்ஷனை (எவ்வளவு வளைகிறது என்பதை) ஒப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். மெல்லிய தகடு என்றால், தகட்டை ஒரு பரப்பாக எடுத்துக்கொண்டு தடிமனை எண்ணாகக் கொடுக்கும் ஷெல் எலிமென்ட்டுக்குப் போய்விடுங்கள்.