கடகட... கப்சிப்

ஸ்பீடு பிரேக்கர் வந்தா போதும், பைக் முன்சக்கரத்துக்குள்ள யாரோ சோழி குலுக்குற மாதிரி கடகடன்னு சத்தம். மூணு மாசமா இதே கச்சேரி. முதல் மெக்கானிக், "கோன்செட், அதான் ஹேண்டில் பேரிங், போச்சு சார்". மாத்தியாச்சு. கடகட. ரெண்டாவது ஆள், "முன் ஷாக் அப்சார்பர்ல இருக்கிற ஃபோர்க் ஆயில் சார்". ஆயில், சீல் ரெண்டும் மாத்தியாச்சு. கடகட. மூணாவது ஆள் மட்கார்டைத் தட்டிப் பார்த்துட்டு, "வண்டின்னா சத்தம் வரத்தானே செய்யும்"னு தத்துவம் சொன்னார். இதுக்கு எதுக்குய்யா பட்டறை, ஆசிரமம் வைக்கலாமே?

நேத்து ஒரு பள்ளத்துல இறங்குறப்ப தற்செயலா முன் பிரேக்கை லேசா பிடிச்சேன். கப்சிப். விட்டேன், கடகட. பிடிச்சேன், கப்சிப். அடப்பாவிகளா, இந்த ஒத்த விரல் டெஸ்ட்கூடவா யாருக்கும் தோணல?

பிரேக் டிஸ்க்கைக் கவ்வுற காலிப்பரைக் கழட்டினா, உள்ள பிரேக் பேட் ஆடாம அழுத்திப் பிடிக்கிற தகட்டு ஸ்பிரிங்கையே காணோம். பிரேக் பிடிச்சா பேட் டிஸ்க்கோட ஒட்டிக்கும், விட்டா ஆடும்; அதான் கடகட. போன தடவை பேட் மாத்தின மகராசன் அதைத் திருப்பி மாட்டவே இல்ல! காலிப்பர் நகர்ற ஸ்லைடு பின்ல கிரீஸ்? பாலைவனம். விரல் நீளத் தகடு ஒண்ணுக்காக கோன்செட், ஆயில், சீல், மூணு ஞாயித்துக்கிழமை போச்சு.

சரி, அதையாவது வாங்கலாம்னு போனா கடைக்காரர் சொல்றார்: "தனியா வராது சார், முழு செட்டா எடுத்துக்குங்க."