'இந்த நோய்க்கு இந்த மருந்து அங்கீகரிக்கப்படவில்லை'

போன வாரம் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வந்த கடிதத்தில் இருந்த வரிதான் மேலே இருப்பது. நோய், மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ். தண்டுவட மரப்பு நோய் என்று தமிழில் எழுதுகிறார்கள். அதோடு வாழும் வீடுகளில் எம்.எஸ். என்றுதான் சொல்வோம். மருந்து, ரிட்டுக்ஸிமாப். என் தங்கைக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அதைத்தான் ஏற்றுகிறார்கள். அதற்கு முன்னால் இரண்டு வருடத்தில் மூன்று முறை ரிலாப்ஸ், அதாவது நோய் திரும்பத் தாக்குவது, வந்து படுத்தவள். இந்த மருந்து தொடங்கி நான்கு வருடமாகிறது, ஒன்றுகூட வரவில்லை.

கடிதத்தில் பொய் எதுவும் இல்லை. அதுதான் என்னைத் தூங்க விடவில்லை. ரிட்டுக்ஸிமாபுக்கு எம்.எஸ். சிகிச்சைக்கான அங்கீகாரம் அமெரிக்காவிலும் இல்லை, ஐரோப்பாவிலும் இல்லை. "அப்போ அது வேலை செய்யாத மருந்தா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவருக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

தங்கைக்கு ஆரம்பித்தது கண்ணில். ஒரு வெள்ளிக்கிழமை காலை கண்ணாடி முன்னால் நின்றவள், "அண்ணே, ஒரு கண்ணைப் பொத்திட்டுப் பார்த்தா குங்குமம் செங்கல் பொடி மாதிரி தெரியுது" என்றாள். வலது கண்ணைப் பொத்தினால் சிவப்பு வெளுத்தது. இடது கண்ணைப் பொத்தினால் பளிச்சென்ற சிவப்பு. கண்ணை உருட்டினால் உள்ளே வலி. பார்வை நரம்பில் அழற்சி. முதலில் பார்த்த டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். ஐந்து மாதத்தில் அதே கண்ணில் திரும்பவும் வந்தது.

அந்தச் சிகிச்சை சரியா என்ற கேள்விக்கு 1992-லேயே விடை வந்துவிட்டது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அமெரிக்காவில் 15 மையங்களில் 457 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு குழுவுக்கு மூன்று நாள் ரத்தக்குழாய் வழியாக மீதைல்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு, பிறகு ஸ்டீராய்டு மாத்திரை. இன்னொரு குழுவுக்கு மாத்திரை மட்டும். மூன்றாவது குழுவுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. ரத்தக்குழாய் வழியாக ஏற்றியவர்களுக்குப் பார்வை சீக்கிரம் திரும்பியது. மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கோ, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அதிகமாக நோய் திரும்பி வந்தது. தங்கைக்கு மறுபடி வந்ததற்கு அந்த மாத்திரைதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். தானாகவே திரும்பித் திரும்பி வரும் நோய் இது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஸ்டீராய்டு பழைய மருந்து, மலிவான மருந்து. அதைச் சோதித்து லாபம் பார்க்க எவருக்கும் வழியில்லை. அமெரிக்க அரசின் தேசியக் கண் நிறுவனம் பணம் போட்டதால்தான் அந்த விடை கிடைத்தது.

ரிட்டுக்ஸிமாபின் சிக்கலும் இதுதான். 1997-ல் லிம்ஃபோமா புற்றுநோய்க்கு வந்த மருந்து அது. ரத்தத்திலுள்ள பி செல்கள் என்ற எதிர்ப்பு சக்தி அணுக்களைத் தேடி அழிக்கும். எம்.எஸ். வந்தவர்களுக்கு உடம்பின் எதிர்ப்பு சக்தியே நரம்பின் மேலுறையை அரித்துவிடுகிறது. அதைச் செய்வது டி செல்கள் என்ற இன்னொரு வகை அணுக்கள்தான் என்று அந்தக் காலத்தில் ஏறக்குறைய எல்லாரும் நம்பினார்கள். பி செல்லைக் கவனிக்கச் சொன்னவர் சான்பிரான்சிஸ்கோவின் நரம்பியல் மருத்துவர் ஸ்டீபன் ஹவுசர். அரசு நிதிக்கு அவர் விண்ணப்பித்தபோது, இது நம்பக்கூடியதாக இல்லை என்று திருப்பிவிட்டார்கள். பிறகு மருந்து நிறுவனத்தோடு சேர்ந்து நடத்திய சோதனையின் முடிவு 2008-ல் வந்தது. மொத்தம் 104 பேர்தான். ஆனால் எம்.ஆர்.ஐ.யில் ஒளிரும் புதுப் புண்கள் 91 சதவீதம் குறைந்திருந்தன.

அடுத்த படியாக, ரிலாப்ஸ் வந்து போகும் வகை எம்.எஸ்.ஸுக்கு இதே மருந்தை வைத்துப் பெரிய சோதனை நடந்திருக்க வேண்டும். பெரிய சோதனை நடந்தது, வேறு மருந்தை வைத்து. அதே பி செல்லை, அதே இடத்தில் பிடிக்கிற ஓக்ரெலிசுமாப். 2017 மார்ச்சில் அமெரிக்காவில் அங்கீகாரம் கிடைத்தது. அறிவித்த விலை வருடத்துக்கு 65,000 டாலர். அது நல்ல மருந்து. ஆரம்பத்திலிருந்தே படிப்படியாக மோசமாகும் வகை எம்.எஸ்.ஸுக்கு முதன்முதலில் அங்கீகாரம் பெற்றது அதுதான், அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். புது மருந்தை உடம்பு சுலபமாக ஏற்கும் என்ற காரணத்திலும் நியாயம் உண்டு. ஆனால் பழைய மருந்தின் காப்புரிமைக்கு அப்போது அதிக வருடங்கள் மிச்சமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ரிட்டுக்ஸிமாபுக்காக அங்கீகார அலுவலகத்தின் கதவைத் தட்ட யாரும் போகவில்லை. கடிதத்தில் இருக்கும் அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருப்பது இவ்வளவுதான்.

2007-லேயே ஹைதராபாத்தில் டாக்டர் ரெட்டீஸ், ரிட்டுக்ஸிமாபின் பயோசிமிலரை, அதாவது மூல மருந்தை ஒத்த மாற்று மருந்தை, விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. உலகத்திலேயே முதல். உலகத்துக்கு முன்னால் மருந்தைச் செய்து காட்டிய நாட்டில்தான் அதற்கான காகிதம் இல்லாமல் என் தங்கை நிற்கிறாள்.

மருந்து ஏற்றும் நாள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். காலை எட்டு மணிக்குப் போய்விட வேண்டும். குளிர்ப்பெட்டியில் மருந்துக் குப்பி எங்கள் கையிலேயே இருக்கும். பேருந்து குலுக்கலில் ஆட்டக்கூடாது என்று அம்மா மடியில் வைத்துக்கொண்டு வருவாள். முதலில் பாராசிட்டமால், அவில் என்ற அலர்ஜி மருந்து, ஸ்டீராய்டு. அரை மணி நேரம் கழித்துத்தான் ரிட்டுக்ஸிமாப், அதுவும் துளித் துளியாக. முதல் தடவை வேகத்தைக் கூட்டியதும் தொண்டையில் அரிப்பு வந்து, நர்ஸ் ஓடிவந்து குழாயைத் திருகினார். அதிலிருந்து தங்கை சொட்டுகளையே எண்ணிக்கொண்டு படுத்திருப்பாள். மாலை நான்கு மணிக்கு ஊசியைக் கழற்றிய பிறகுதான் புளிச்சோற்று டப்பாவைத் திறப்போம்.

அங்கே பக்கத்துக் கட்டிலில் ஒரு டீச்சர் வருவார். அவருக்கு என்.எம்.ஓ.; எம்.எஸ்.ஸின் பங்காளி மாதிரியான நோய், பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் ஒரே அடியில் சாய்த்துவிடும். பல வருடம் அவருக்கு எம்.எஸ். என்றே நினைத்து இன்டர்ஃபெரான் ஊசி போட்டிருக்கிறார்கள். அது என்.எம்.ஓ.வை மோசமாக்கக்கூடிய ஊசி. இரண்டையும் பிரித்துக் காட்டும் ஆன்டிபாடியை அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 2004-லேயே கண்டுபிடித்திருந்தார்கள். சரியான ரத்தப் பரிசோதனை டீச்சரிடம் வந்து சேர்வதற்குள் ஒரு கண் போய்விட்டது.

என்.எம்.ஓ.வுக்கு ஜப்பானில் செய்ததை அவரிடம் சொன்னேன். எட்டு மருத்துவமனைகளின் டாக்டர்கள் தாங்களே முன்வந்து 38 பேரை வைத்து ரிட்டுக்ஸிமாபைச் சோதித்தார்கள். வெற்று மருந்து ஏறிய 19 பேரில் 7 பேருக்கு நோய் திரும்பியது. ரிட்டுக்ஸிமாப் ஏறிய 19 பேரில் ஒருவருக்கும் இல்லை. 2020-ல் முடிவு வெளிவந்தது, 2022-ல் ஜப்பான் அரசு அங்கீகாரமே கொடுத்துவிட்டது. "வெறும் முப்பத்தெட்டு பேரா?" என்று டீச்சர் இரண்டு முறை கேட்டார்.

எம்.எஸ்.ஸுக்கு சுவீடன். அங்கே டாக்டர்கள் ரொம்ப நாளாகவே ரிட்டுக்ஸிமாபைக் கொடுத்துவருகிறார்கள். கொடுத்துவிட்டுச் சும்மா இருக்காமல், பொதுப் பணத்தில் 17 மருத்துவமனைகளில் குலுக்கல் முறையில் சோதித்தார்கள். எம்.எஸ்.ஸுக்கான டைமெதில் ஃபுமரேட் மாத்திரை எடுத்தவர்களில் 16 சதவீதம் பேருக்கு இரண்டு வருடத்தில் ரிலாப்ஸ் வந்தது, ரிட்டுக்ஸிமாப் எடுத்தவர்களில் 3 சதவீதம் பேருக்கு. இது வெளிவந்தது 2022-ல். அதற்கடுத்த வருடம் ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் எம்.எஸ்.ஸுக்கு மூன்று மருந்துகளைச் சேர்த்தது: கிளாட்ரிபைன், கிளாட்டிராமர், ரிட்டுக்ஸிமாப். அதற்கு முன்னால் அந்தப் பட்டியலில் எம்.எஸ்.ஸுக்கென்று ஒரு மருந்துகூட இருந்ததில்லை.

எனக்குச் சாதகமானதை மட்டும் சொல்லிவிட்டுப் போகக்கூடாது. 2023-ல் நோயாளிப் பதிவேடுகளை வைத்து ரிட்டுக்ஸிமாபையும் ஓக்ரெலிசுமாபையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வில், ரிட்டுக்ஸிமாப் எடுத்தவர்களுக்குத்தான் ரிலாப்ஸ் அதிகம். ஆனால் அது குலுக்கிப் பிரித்த குழுக்கள் இல்லை, ரிட்டுக்ஸிமாப் எல்லாருக்கும் ஒரே அளவில் போனதும் இல்லை. டென்மார்க்கும் நார்வேயும் இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தும் சோதனைகளை அந்த ஆய்வுக்கு முன்பே தொடங்கியதும் இந்த மாதிரிச் சந்தேகத்தைத் தீர்க்கத்தான். தொற்று அபாயமும் உண்மையானது. தங்கைக்கு மருந்து தொடங்கும் முன் ஹெபடைடிஸ் பி, காசநோய் இரண்டும் பார்த்தார்கள். சளி பிடித்தால் வீடே பதறும். அது சாதாரண மருந்து என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

நம் நாட்டுக்கு மட்டுமே உரிய ஒரு கேள்வி இருக்கிறது. ஒரு தடவை பணம் புரளாமல் ஆறு மாதத்தை ஒன்பது மாதமாகத் தள்ளினோம். டாக்டர் திட்டவில்லை, பி செல்கள் எவ்வளவு திரும்பியிருக்கின்றன என்று காட்டும் சிடி19 அளவைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் தாங்கும்" என்றார். 1000 மில்லிகிராமுக்குப் பதில் 500 போதுமா, ஆறு மாதத்துக்குப் பதில் ஒன்பது போதுமா என்று ஒவ்வொரு டாக்டரும் நோயாளியின் மடிப்பணத்தைப் பார்த்துத் தனித்தனியாகக் கணக்குப் போடுகிறார்கள். சுவீடனில் ஆறு மாதமா பன்னிரண்டு மாதமா என்று இதற்கே ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். நம்மிடம் நோயாளிகள் இருக்கிறார்கள், உள்ளூர் மருந்து இருக்கிறது, டெல்லி எய்ம்ஸ் தலைமையில் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நடத்தும் எம்.எஸ். பதிவேடும் இருக்கிறது. அந்தப் பதிவேட்டை வைத்தே நம் அளவுகளை ஒரு சோதனையில் நிறுத்திப் பார்க்க ஐ.சி.எம்.ஆர். பணம் ஒதுக்க வேண்டும். முடிவு வந்ததும் அங்கீகாரத்துக்கான விண்ணப்பத்தை அரசே போட வேண்டும், மருந்து நிறுவனம் போடட்டும் என்று காத்திருக்கக்கூடாது. சோதனைக்கு ஆள் கேட்டால் தங்கையும் டீச்சரும் முதல் ஆளாகப் பெயர் கொடுப்போம் என்கிறார்கள்.

காப்பீட்டுக்கு மேல்முறையீடு எழுதி வைத்திருக்கிறேன். சுவீடன் ஆய்வு, அத்தியாவசிய மருந்துப் பட்டியலின் பக்கம், டாக்டரின் கடிதம் மூன்றையும் சேர்த்திருக்கிறேன். உங்களில் யாருக்காவது எம்.எஸ்.ஸுக்கோ என்.எம்.ஓ.வுக்கோ ரிட்டுக்ஸிமாப் செலவை எந்தக் காப்பீட்டிலாவது தந்திருந்தால், பெயரை மறைத்துவிட்டு அந்த உத்தரவின் நகலை இன்பாக்ஸில் அனுப்புங்கள். அடுத்த டோஸ் தை கடைசியில்.