மூன்று மாதத்தில் முடிவதில்லை

உயரம் கூட்டும் கால் அறுவைக்குப் பின் மூன்றே மாதத்தில் இயல்பாக நடக்கலாம் என்று ஒரு கட்டுரை கூறுவதை, ராயபுரத்தில் இயன்முறை மருத்துவராகப் பணிபுரியும் என்னால் ஏற்க முடியவில்லை. சோவியத் மருத்துவர் இலிசாரோவ் வகுத்த முறைப்படி, வெட்டிய எலும்பை நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர், அதையும் 0.25 மில்லிமீட்டர் வீதம் நான்கு தவணையாக விலக்குவார்கள். ஆகவே 5 சென்டிமீட்டர் கூடுவதற்கே ஏறத்தாழ 50 நாள் ஆகும், அந்த இடைவெளியில் உருவாகும் புது எலும்பு முழு எடையைத் தாங்குமளவு இறுகுவதற்கு மேலும் பல மாதங்கள் பிடிக்கும். எலும்பு நீளும் வேகத்துக்குத் தசை ஈடுகொடுக்காது. குதிகால் தசைநாண் இறுகி, குதிகால் தரையில் படாத நிலை வந்துவிட்டால் மீட்பது பெரும்பாடு என்பதால், வலித்தாலும் கணுக்கால் நீட்சிப் பயிற்சியை ஒருநாளும் விடக்கூடாது. லிப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் குடியிருப்பவர்கள் (நம் பகுதியில் அப்படிப் பலர் உண்டு) ஊன்றுகோலுடன் படியேறுவதையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.